கமராக் கழகங்களில் புதியவருக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த பாடசாலைகளிலும், பொழுதுபோக்காகப் படம் பிடிப்பவர்கள் ஒன்றுகூடும் கமராக் கழகங்கள் குறித்து ஒரு யோசனையை உங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், அவரைவிடச் சற்று முன்னே இந்தப் பாதையில் இறங்கிய உறுப்பினர் ஒருவரைக் குறிப்பிட்ட காலத்துக்கு வழித்துணையாக அமர்த்துவதை இக்கழகங்கள் தமது முதல் வேலையாகக் கொள்ள வேண்டும். போட்டிகளும் கண்காட்சிகளும் விரிவுரைகளும் அதற்குப் பிறகு வரட்டும்.

நான் அறிந்த கழகங்களில் நடப்பது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடும். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ அழைக்கப்பட்ட ஒருவர், கமரா வில்லையின் (லென்ஸ்) திறப்பான அப்பச்சர், ஒளியை உள்ளே விடும் நேரமான ஷட்டர் வேகம், ஒளியுணர்வின் அளவான ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றையும் பலகையில் எழுதி விளக்குவார், பின்னர் உறுப்பினர்களின் படங்கள் திரையில் ஓடும், நடுவர் புள்ளியிடுவார், தேநீருடன் கூட்டம் கலையும். புதியவரின் படம் திரையில் நிற்பது சில விநாடிகள். ‘வானம் வெளிறிவிட்டது, முகம் இருண்டுவிட்டது’ என்ற ஒரு வரித் தீர்ப்பு அவருக்குக் கிடைக்கும். அந்தத் தீர்ப்பு சரியானதாகவே இருக்கலாம். ஆனால் அடுத்த முறை எங்கே நிற்க வேண்டும், எந்த நேரத்தில் போக வேண்டும், கமராவில் எதைத் திருப்ப வேண்டும் என்பவற்றை அவருக்குச் சொல்ல ஆளில்லை. இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பிறகு அவர் வருவதை நிறுத்திக்கொள்கிறார். அம்மா மத்திய கிழக்கிலிருந்து அனுப்பிய காசில் வாங்கிய கமரா அலுமாரிக்குள் போய்விடுகிறது. ஆர்வம் குறைந்துபோனதாகக் கழகத்தார் சொல்லிக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்பதற்கு ஆளில்லாமல் போனதே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

மலையகத்தில் இந்தக் குறை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே உறைக்கிறது. இங்குள்ள வெளிச்சம் பாடப் புத்தகங்களில் உள்ள வெளிச்சம் அன்று. கமராவின் ஒளிமானி தன் முன்னால் உள்ள காட்சி எதுவாக இருந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே முயலும். மலை முழுவதும் மூடுபனி இறங்கி வெள்ளையாக நிற்கும்போது, அந்த வெள்ளையையும் அது சாம்பலாக்கிவிடும். நேரில் பால்போலத் தெரிந்த காலைப்பொழுது படத்தில் மங்கிய பின்னேரமாகிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானை ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டிவைத்தால் பனி பனியாக வரும். கைத்தொலைபேசியில் எடுப்பவர் திரையில் முகத்தின் மீது விரலால் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். அரை நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடக்கூடிய சங்கதி இது. எனினும், பனிக்குள் நிற்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் மனதில் நிற்கும். கூட்ட மண்டபத்தில் பலகையில் பார்த்தது மலையேறும்போது நினைவுக்கு வருவதில்லை.

எங்கள் கழகத்தில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவருக்கும், தோட்டத் தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டு ஓய்வு நாட்களில் படம் பிடிக்கும் ஓர் அக்காவுக்கும் இடையே இப்படி ஒரு துணை தானாகவே அமைந்தது. மாணவி கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரை எடுத்திருந்தார். அழகான நிற்றல், ஆனால் முகம் கரிக்கட்டையாக இருந்தது. அந்த அக்கா படத்தைக் குறை சொல்லவில்லை. “நீ எங்க நின்ன தங்கச்சி, அவங்களுக்குக் கீழயா மேலயா?” என்று மட்டும் கேட்டார். கீழே பாதையில் நின்று மேல்நோக்கி எடுத்ததால், அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் முழுவதும் வெளுத்த வானமே இருந்தது. அடுத்த வாரம் இருவரும் அதே மலைக்குப் போய், மேற்பக்கத்துத் தவறணைப் (தேயிலை நாற்றுமேடை) பாதையில் நின்று, கீழ்நோக்கி எடுத்தார்கள். இப்போது தலைக்குப் பின்னால் பச்சைத் தேயிலைச் செடிகள். மேலே பரவியிருந்த பனி வெளிச்சத்தை மென்மையாக்கி முகத்தின் மீது விரித்திருந்தது. கண்ணோரச் சுருக்கங்கள் வரை தெளிவாகத் தெரிந்தன. கமராவில் எந்த அளவையும் மாற்றவில்லை, நின்ற இடம்தான் மாறியது. அந்த மாணவி இப்போது எந்தப் படத்தையும் எடுக்கும் முன் ஆளின் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்கிறார். நடுவரின் புள்ளிகள் எத்தனை கிடைத்திருந்தாலும் இந்தப் பழக்கம் வந்திருக்காது.

பருவம் பற்றிய அறிவும் அப்படிப்பட்டதே. மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் செப்டெம்பர் வரை வானம் திறப்பது அரிது. அதே யூலை, ஓகஸ்ட் மாதங்களில் மலைக்கு அப்பால் பண்டாரவளையும் அப்புத்தளையும் வறண்ட காற்றுடனும் தெளிந்த வெளிச்சத்துடனும் இருக்கும். ஊவாவின் நல்ல தேயிலைக்குப் பேர்போன காலமும் அதுதான். ஹட்டன், தலவாக்கலை அடங்கிய டிம்புள்ளைப் பக்கத்துக்கு அந்தத் தெளிவு வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஆகவே மேற்குச் சரிவில் உள்ள கழகமும் ஊவாவில் உள்ள கழகமும் தங்களுக்குள் துணைகளை மாற்றிக்கொண்டால், ஆண்டு முழுவதும் யாராவது ஒருவரிடம் நல்ல வெளிச்சம் இருக்கும். ஹட்டனும் பண்டாரவளையும் ஒரே ரயில் பாதையில் அமைந்திருப்பது இன்னும் வசதி. மழை மாதங்களில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. ஈரம் தங்கும் நம் வீடுகளில் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைக்கப்பட்ட வில்லைகளில் பூஞ்சணம் பிடிப்பது வழக்கம், முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அவற்றை மெல்லிய சூட்டில் உலர்த்திப் பழையபடி பயன்படுத்தலாம். குளிரில் சுற்றிவிட்டு அடுப்பெரியும் வீட்டுக்குள் நுழைந்ததும் கமராவைப் பையிலிருந்து எடுக்காமல் சற்று நேரம் விட்டுவைத்தால், வில்லையில் நீர் படியாது. இவற்றை விலை கொடுத்துக் கற்ற மூத்தவர்கள் ஒவ்வொரு கழகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவம் அவர்களோடேயே நின்றுபோவது பெரிய இழப்பு.

பெரிய பெயர் பெற்றவர்களும் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டே கற்றிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டியதில்லை. உலகப் புகைப்பட வரலாற்றில் முன்வரிசையில் வைக்கப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் பொகவந்தலாவையில், புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. 1875இல் குடும்பத்துடன் இலங்கைக்கு வந்த அவர் 1879 ஜனவரியில் காலமானார். அவருடைய நெடுநாள் நண்பரான விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல், கமரா அவர் கைக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே புதிய கலையின் செய்திகளைக் கடிதம் மூலம் அவருக்கு அறிவித்துவந்தார். டேவிட் வில்கி வின்ஃபீல்ட் என்ற ஓவியரின் ஒளிப்படங்களுக்கே தம் முயற்சிகளெல்லாம் கடன்பட்டவை என்று கமரன் தாமே எழுதியும் வைத்தார். நம் நாட்டில் 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான லயனல் வென்ட் சட்டம் பயின்றவர், பியானோ வாசிப்பதில் வல்லவர். தொழிலுக்காகக் கமராவைத் தூக்கியவர் அல்லர். பொழுதுபோக்காளர்கள் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து வளர்ந்த மரபு நமக்கும் உண்டு என்பதையே இங்கு சொல்ல வருகிறேன்.

துணை இருப்பதன் பயன் வெளிச்சத்தோடும் வில்லையோடும் முடிந்துவிடுவதில்லை. மலையகத்தில் படம் பிடிப்பவர் முதலில் கற்க வேண்டியது மனிதரை அணுகும் முறை. தேயிலை மலையில் நிற்கும் பெண்ணை ‘கொஞ்சம் சிரியுங்கள், கூடையைத் திருப்புங்கள்’ என்று கால் மணி நேரம் நிறுத்திவைப்பவருக்கு, அன்றைய கொழுந்து நிறை குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழும் என்பது தெரியாமலிருக்கலாம். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், நிறுவைக்கு முன் தொந்தரவு செய்யாமல், தேநீர் இடைவேளையிலோ வேலை முடிந்து இறங்கும்போதோ பேச்சுக் கொடுத்து, பெயர் கேட்டு, சம்மதம் பெற்று எடுப்பார். அச்சிட்ட படத்தை மறுவாரம் கொண்டுபோய்க் கொடுக்கவும் செய்வார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் பெண்கள் அஞ்சலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் பெயரில்லாமல் நின்றிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் எடுக்கும் படங்களிலும் அவர்கள் பெயரில்லாமல் நிற்பதை நான் ஏற்க மாட்டேன்.

மாசி மாதத்தில் ரதி, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இரவிரவாக நடக்கும் ஆட்டம். டியூப் லைட்டும் வண்ண பல்புகளும் கலந்த வெளிச்சம். ரதியும் மன்மதனும் ஆடிவரும் வேகம். புதியவர் தம்மையறியாமல் ஃபிளாஷைப் போட்டுவிடுவார். அது இரவின் நிறத்தைக் கெடுப்பதோடு, விரதமிருந்து வேடம் கட்டி ஆடுபவரின் கண்ணையும் கூசச் செய்யும். அனுபவமுள்ளவர் ஃபிளாஷை மூடச் சொல்வார், ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை உயர்த்தி, ஷட்டரை நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடிக்குக் கீழே இறக்காமல், தப்படியின் தாளத்தைக் கேட்டு, ஆட்டக்காரர் திரும்பும் கணத்துக்குக் காத்திருக்கச் சொல்வார். எந்த வரிசையில் நிற்கலாம், எந்தக் கட்டத்தில் கமராவைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்வார். அதை அந்தக் கூத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்தான் சொல்ல முடியும்.

இனி, இந்த ஏற்பாடு எப்படி அமைய வேண்டும் என்பது பற்றி. துணையாக வருபவர் கழகத்தின் மிகச் சிறந்த கலைஞராக இருக்க வேண்டியதில்லை. இல்லாமலிருப்பதே நல்லது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. பல்லாண்டு பழகியவருக்குத் தொடக்கத்தில் தாம் எங்கே தடுமாறினோம் என்பது மறந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் முன்னே போனவருக்கு நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கும். காலத்தை ஆறு மாதம் என்று வரையறுத்துவிட்டால் இருவருக்கும் சுமையாகாது, மனம் ஒத்துவராவிட்டால் மனக்கசப்பின்றி மாற்றிக்கொள்ளவும் முடியும். மாதம் ஒரு முறை சேர்ந்து வெளியே போவது, ஒரு முறை உட்கார்ந்து படம் பார்ப்பது, இவ்வளவே போதும். உட்காரும்போது தேர்ந்தெடுத்த ஒரு படத்தை மட்டும் பார்க்காமல் அன்று எடுத்த அத்தனையையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை எடுத்தவர் எப்படி நகர்ந்தார், எங்கே அவசரப்பட்டார், நல்ல படத்துக்கு ஓரடி முன்பாக எங்கே நிறுத்திவிட்டார் என்பது அந்த வரிசையில்தான் தெரியும். துணையாக இருப்பவரும் தம்முடைய சரிவராத படங்களை அதே மேசையில் வைக்க வேண்டும். படத்தைப் பார்த்ததும் நல்லது கெட்டது சொல்வதற்கு முன், அதில் என்ன தெரிகிறது என்று சொல்லி, எதை எடுக்க நினைத்தாய் என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் பிணக்குகள் எழாது. ஒரு அமர்வுக்கு ஒரு குறையைத் திருத்தினால் போதும். ஐந்தையும் சேர்த்துச் சொன்னால் புதியவர் ஒன்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

சில வரம்புகளில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சொல்லிக் கொடுக்கும் சாக்கில் புதியவரின் கையிலிருந்து கமராவை வாங்கித் தாமே எடுத்துவிடக் கூடாது. தம் பழைய வில்லையை அவர் தலையில் கட்டக் கூடாது. தாம் வழிநடத்துபவரின் படத்துக்குத் தாமே நடுவராக இருக்கக் கூடாது. தம் பாணியை அவர் மீது திணிக்கவும் கூடாது. மலைக்காட்சியை விரும்புபவரிடம் வளர்ந்தாலும் ஒரு பிள்ளைக்கு லயத்து வாசலும் கோழிக்கூண்டும் சமையற்கட்டுப் புகையும் பிடிக்குமானால், அதை நோக்கியே அவரை நடத்த வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பொறுத்தவரை பெற்றோருக்குத் தெரிவித்து, வளர்ந்தவர் இருவராவது உடனிருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் தனியே அழைத்துச் செல்லக் கூடாது என்பதைக் கழகங்கள் எழுத்தில் வைக்க வேண்டும். பெண் பிள்ளைகள் கேட்டால் பெண் உறுப்பினரையே துணையாகத் தர வேண்டும். அத்தகைய பெண் உறுப்பினர்கள் போதுமான அளவில் இல்லை என்று கழகங்கள் சொல்லக்கூடும். இருக்கும் ஒருவர் இருவரை முன்னிறுத்தித் தொடங்கினால்தான் அடுத்தவர்கள் வருவார்கள்.

யூடியூபில் எல்லாம் இருக்கிறதே, இதற்கு ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவற்றைப் பார்த்துப் பயன்பெறுகிறேன். ஆனால் அவை நம் படத்தைப் பார்ப்பதில்லை. டிக்கோயாவில் பிற்பகல் இரண்டு மணிக்கு இறங்கும் பனியும் அவற்றுக்குத் தெரியாது. இன்னொரு தயக்கம் கல்யாணப் படம் பிடித்துப் பிழைப்பவர்களிடமிருந்து வருகிறது: சொல்லிக் கொடுத்தால் நாளை இவர்களே போட்டியாக வருவார்கள் என்று. அவர்களுடைய பிழைப்பின் நெருக்கடி எனக்குப் புரியாமலில்லை. ஆயினும் பொழுதுபோக்காகப் பழகியவர்களுக்குத்தான் நல்ல படத்தின் அருமை தெரியும். தம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் தேடிப்போவதும் தரமாக எடுப்பவரைத்தான். எனவே கல்யாணப் படம் பிடிப்பவர்களும் துணையாக வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரமில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அடுத்த ஞாயிறு தனியே போகவிருக்கும் அதே மலைக்குப் புதியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனால் போதும், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வாசகர் படங்களை வெளியிடும்போது, மாதம் ஒரு முறையேனும் ஞாயிறு இதழில் அரைப் பக்கத்தை இத்தகைய இணைகளுக்கு ஒதுக்க வேண்டும். புதியவர் முதலில் எடுத்த படம், துணையோடு பேசிய பின் அதே இடத்தில் எடுத்த படம், இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்று இருவரும் சேர்ந்து எழுதிய சில வரிகள், இவை போதும். படத்தில் இருப்பவரின் பெயரும், அவர் சம்மதித்தார் என்ற குறிப்பும் இல்லாத படங்களைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். இதை நீங்கள் தொடங்க முன்வந்தால், முதல் இணைகளைத் தெரிவுசெய்து அனுப்பும் பொறுப்பை எங்கள் கழகம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
கமராக் கழக உறுப்பினர் ஒருவர்,
கொட்டகலை.